கூடுதல் கை

பிப்ரவரி 16

பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டும். குளுகோரில் ஒரு படக்கடையில் படம் எடுத்தேன். காது தெரியணும், சிரிக்கக்கூடாது என்று கடைக்காரர் சொல்லிச் சொல்லி, கடைசியில் வந்த படத்தில் போலீஸ் தேடும் ஆள் மாதிரி இருக்கிறேன். என் வீட்டுக்காரர் குணா பார்த்துவிட்டு, "இந்த மூஞ்சிய எவன் நாட்டுக்குள்ள விடுவான் மணி?" என்றார்.

காரணம் எங்கள் ஆலை மேலாளர் மிஸ்டர் ஞானம். காலையில் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"தவம், தைவானுக்குப் போய்ட்டு வர்றியா?"

சின்சு என்ற ஊரில் ஓர் ஆலை இருக்கிறதாம். அவர்களுக்கென்று சொந்தமாக ஒரு மின்னணுச் சில்லுகூடக் கிடையாது. யார் வரைபடம் கொடுத்தாலும் அவர்களுக்குச் சில்லு செய்து கொடுப்பார்கள். அதன்மேல் தங்கள் பெயரைப் போடமாட்டார்கள். அமெரிக்காவில் இப்போது பல கம்பெனிகள் ஆலையே கட்டாமல், வரைவதை மட்டும் தாங்கள் வைத்துக்கொண்டு, செய்வதை இவர்களிடம் விட்டுவிடுகின்றனவாம்.

"தையக்கடை மாதிரியா?" என்றேன்.

சிரித்தார். "அதேதான். துணி நம்மளோடது, தைக்கிறது அவங்க. நமக்கு ஆர்டர் கூடிப் போச்சுன்னா கொஞ்சத்த அங்க தள்ளி விடலாம். ஒரு கூடுதல் கை மாதிரி. அவ்ளோதான்."

எட்சிங் வேலையை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். சிலிக்கான் தட்டின் மேல் வேண்டாத படலத்தை வாயுவால் அரித்தெடுக்கும் வேலை அது. பினாங்கில், எங்கள் பாயான் லெப்பாஸ் ஆலையில் அதற்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? இதை நான் சொல்லவில்லை. அவர்தான் சொன்னார்.

பாலிடெக்னிக் முடித்துவிட்டு வந்த என்னை நேர்காணலில் எடுத்தவர் அவர். என் மகனுக்குப் பிறந்த வாரத்தில் மஞ்சள்காமாலை வந்தபோது தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். தவம் என்று என்னைக் கூப்பிடுவது உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

மார்ச் 9

ஆலையில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ரிங்கிட் விழுந்ததிலிருந்து எல்லாக் கம்பெனியிலும் ஒட்டுவதுதான். விருப்பப்பட்டு விலகுகிறவர்கள் பெயர் கொடுக்கலாம், இழப்பீடு உண்டு.

வேலை முடிந்ததும் மலர் வீட்டுக்கு வந்தாள். என் தங்கை. என் பகுதியிலேயே எந்திரம் ஓட்டுகிறாள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, ஷிப்டு வேலை பார்த்துத்தான் மகள் ரேணுகாவை ஐந்தாம் படிவம் வரை கொண்டுவந்திருக்கிறாள்.

"அக்கா, டவுன்ல ஆஸ்பத்திரியில வார்டுக்கு ஆள் எடுக்கிறாங்க. கூட்டாளி ஒருத்தி பேசி வெச்சிருக்கா. வெள்ளிக்கெழமைக்குள்ள பதில் சொல்லணும். இங்க நெலம எப்படின்னு ஒனக்குத்தான தெரியும்?"

"ஒண்ணும் சூசா இல்ல, கவலப்படாத. இருந்தாலும் கேட்டுட்டுச் சொல்றேன்."

"யாருகிட்ட?"

"வேற யாருகிட்ட?"

மார்ச் 12

கேட்டேன். மலருக்கு வந்த வேலையைச் சொல்லி, நேருக்கு நேராகவே கேட்டேன். "மூடுறதா ஏதாச்சும் பேச்சு இருக்கா?"

மிஸ்டர் ஞானம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தவம், நான் இருக்கேன்ல? மலரப் போகச் சொல்லாத. பழகின ஆளுங்க போய்ட்டா லைன் எப்படி ஓடும்? மத்தவங்களுக்கும் நீயே சொல்லு. ஆபீஸ் சொன்னா நம்பமாட்டாங்க. நீ சொன்னா நம்புவாங்க."

மூன்று ஷிப்டுக்கும் கேன்டீனில் உட்கார்ந்து சொன்னேன். பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மலர் ஆஸ்பத்திரிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மனசுக்கு நிறைவாக இருந்தது.

ஏப்ரல் 21

மூன்றாம் எந்திரத்தின் பம்ப் செத்துவிட்டது. புதிது கேட்டு எழுதி ஒரு மாதம் ஆகிறது. பழைய பம்பைப் பிரித்து ஒட்டுப்போட்டு ஓட்டச் சொல்கிறார்கள். விலகிப்போன இரண்டு எஞ்சினியர்களின் இடத்துக்கும் ஆள் எடுக்கவில்லை. டாலர் விலையில் யார்தான் வாங்குவார்கள்? எல்லா இடத்திலும் இதே கதை.

வீட்டில் குளிர்பெட்டியும் தண்ணீர் ஒழுகுகிறது.

மே 12, சின்சு

அவர்கள் ஆலையைப் பார்த்தேன். எழுத உட்கார்ந்தால் எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. எங்கள் முழு ஆலையும் அவர்களுடைய ஒரு மூலையில் அடங்கிவிடும். வேஃபர் என்கிற சிலிக்கான் தட்டுகளை அடுக்கிய பெட்டிகள் தலைக்கு மேலே தண்டவாளத்தில் தானாகப் போகின்றன. ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு கம்பெனியுடையது. ஒருவருடையது அடுத்தவருக்குத் தெரியக்கூடாது என்பதால் எதிலும் பெயர் கிடையாது, எண் மட்டும்தான்.

எனக்குத் துணையாக விட்டிருக்கும் எஞ்சினியர் பெயர் லின். என் வயதுதான் இருக்கும். நான் சொல்வதை எல்லாம் எழுதிக்கொள்கிறாள், புரியாவிட்டால் கூச்சப்படாமல் மறுபடி கேட்கிறாள். ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்கிறோம். அது எங்கள் இருவருக்குமே இரவல் மொழி என்பதால் யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை.

மே 15, சின்சு

முதல் இரண்டு வகைச் சில்லுகளும் சரியாக வந்துவிட்டன. எங்களுக்கே அவ்வளவு நன்றாக வருவதில்லை. மிஸ்டர் ஞானத்துக்கு ஃபோன் செய்தேன். "நான் சொன்னேன்ல தவம், ஒன்னால முடியும்னு" என்றார். பிறகு, மற்ற வகைகளையும் ஒவ்வொன்றாகக் கொடுத்துவிடலாம், தயாராக இரு என்றார்.

கூடுதல் ஆர்டருக்கு இரண்டு வகை போதுமே என்று தோன்றியது. ஆனால் எந்த ஆர்டர் எப்போது கூடும் என்று யாருக்குத் தெரியும்? முன்கூட்டியே யோசிப்பதில் அவர் கெட்டிக்காரர்.

மலருக்கு அன்னாசிப்பழக் கேக்கு வாங்கினேன்.

ஜூன் 4

இன்று ஆலைக்குச் சில பேர் வந்தார்கள். கொரியாக்காரர்களோ ஜப்பான்காரர்களோ தெரியவில்லை. அளவுநாடாவை வைத்துக் கதவுகளின் அகலத்தை அளந்தார்கள். எந்திரங்களைச் சுற்றி நடந்து பின்பக்கத் தகட்டில் உள்ள வருடத்தைக் குறித்துக்கொண்டார்கள். புது எந்திரம் வருவதாக இருந்தால் உள்ளே நுழையுமா என்று பார்க்கத்தானே வேண்டும்?

மலர் கேட்டாள், "வர்றதுக்கு அளக்கிறாங்களா, போறதுக்கு அளக்கிறாங்களா?" அவளுக்கு எப்போதுமே வாய் அதிகம்.

ஜூன் 24, சின்சு

இரண்டாம் பயணம். ஏழு வகைகள் முடிந்தன. மத்தியானம் லின் என்னை மாட்டிறைச்சி நூடல்ஸ் கடைக்குக் கூட்டிப்போனாள். நான் மாடு சாப்பிடமாட்டேன் என்றதும் பதறிப்போய் முட்டையும் கீரையும் சொன்னாள். அவளுடைய தாய்க்கு வாதமாம். அதைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவள், "உங்கள் எல்லாச் சில்லுகளும் இங்கே வந்த பிறகு நீ அடிக்கடி வருவாய் அல்லவா?" என்று கேட்டாள்.

எல்லாம் இல்லை, கொஞ்சம்தான் என்று சொன்னேன். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கீரையை என் கிண்ணத்தில் எடுத்துப் போட்டாள்.

அவளுடைய ஆங்கிலத்தில் சிலவும் எல்லாமும் குழம்பிவிடும் என்று நினைக்கிறேன்.

ஜூன் 28

வீட்டுக்கு வந்துவிட்டேன். சாப்பிடும்போது குணாவிடம் லின் பேசியதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"எல்லாம்னா எல்லாந்தான மணி?"

"அவ இங்கிலீசு ஒங்களுக்குத் தெரியாது."

"அவ எஞ்சினியர்தான? எண்ணத் தெரியும்ல?"

தபால் நிலையத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கு எங்கள் தொழிலைப் பற்றி என்ன தெரியும்? பேச்சை மாற்றினேன். மலர் அடுப்பங்கரையில் சம்பால் சூடுபண்ணிக்கொண்டிருந்தாள். ரேணுகாவுக்குத் தேர்வு நெருங்குகிறது. டியூஷன் சேர்க்கலாமா என்று கேட்டாள். தாராளமாகச் சேர் என்றேன்.

ஜூலை 20

மூடுகிறார்கள்.

ஜூலை 21

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

மூன்று ஷிப்டையும் கேன்டீனில் கூட்டினார்கள். தலைமையகத்திலிருந்து வந்த வெள்ளைக்காரர் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் பேசினார். மிஸ்டர் ஞானம் பக்கத்தில் நின்று மலாயில் சொன்னார். கம்பெனி மூடவில்லை, உருமாறுகிறதாம். இனி வரைவதும் விற்பதும் மட்டும்தான் நம் வேலை. செய்வது முழுக்கச் சின்சுவில். நவம்பரோடு ஆலை நிற்கிறது. இவ்வளவு சீக்கிரம் இதை முடிக்க முடிந்ததற்குத் தொழில்நுட்பக் குழுவுக்கு நன்றி என்றார் வெள்ளைக்காரர். என் பெயரைச் சொன்னார். "தவாமானி" என்று. கை தட்டச் சொன்னார்.

சிலர் தட்டினார்கள். பழக்கத்தில்.

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஜனவரியில் எங்களிடம் சேர்ந்த நோர்ஆய்னிகூடப் பார்த்தாள். மார்ச் மாதம் நான் எந்த மேசையில் உட்கார்ந்து பேசினேனோ, அந்த மேசையில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். மலர் மட்டும் பார்க்கவில்லை.

வெளியே பஸ்சுக்கு நிற்கும்போது அவளிடம் போனேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன் அக்கா. ஆள் எடுக்கிறத நிறுத்திட்டாங்களாம்."

"மலர், எனக்குத் தெரியாது. சத்தியமா."

"சரி."

"நம்பு என்ன."

"சரின்னு சொல்றேன்ல?" பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

ஜூலை 22

மிஸ்டர் ஞானத்தின் அறைக்குப் போனேன். கதவை நானே சாத்தினேன்.

"எப்ப தெரியும் ஒங்களுக்கு?"

"மொதல்ல ஒக்காரு தவம்."

"எப்ப தெரியும்?"

"போன தீபாவளிக்கு முன்னயே."

போன தீபாவளிக்கு வழக்கம்போல மனைவியோடு வந்தார். முறுக்கு நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"அப்ப மார்ச்சுல நான் வந்து கேட்டப்ப?"

"வெளிய சொல்லமாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். என்னை என்ன செய்யச் சொல்ற?"

"சொல்லமாட்டேன்னு போட்டீங்க, சரி. பொய் சொல்றேன்னுமா போட்டீங்க? மலரப் போகவேணாம்னு சொல்லுன்னு யாரு ஒங்களக் கேட்டா?"

"ஆளுங்க மார்ச்சுலயே போயிருந்தா அன்னிக்கே லைன் நின்னிருக்கும். அங்க வேல தொடங்குறதுக்கு முன்ன இங்க நின்னா கம்பெனியே போயிருக்கும். நீயும் இல்ல, நானும் இல்ல. ஒரு தடவை யோசிச்சுப் பாரு."

"எங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, குரலை உயர்த்தாமல் கேட்டார். "சொல்லியிருந்தா நீ தைவான் போயிருப்பியா?"

"போயிருக்கமாட்டேன்."

"அதான்."

எனக்கு அழுகை வரவில்லை. இத்தனை வருடம் என்னைப் பற்றி எல்லாம் தெரிந்து வைத்திருந்தார், அதை இதற்குப் பயன்படுத்திக்கொண்டார் என்பது மட்டும் விளங்கியது. என் நாணயம் தெரியும், அதனால் என்னிடம் மறைத்தார். என் வாக்குக்கு மதிப்பு இருப்பது தெரியும், அதனால் அதை என் கையாலேயே செலவழிக்க வைத்தார்.

டவுனில் புது ஆபீஸ் திறக்கிறார்களாம். சின்சுவோடு பேசி வேலை வாங்க ஓர் ஆள் தேவை. "ஒன் பேரத்தான் குடுத்திருக்கேன் தவம். நான் ஒன்ன விட்டுடுவேனா?" என்றார்.

வெளியே வந்துவிட்டேன். கதவைச் சாத்தவில்லை.

ஆகஸ்டு 11

ஒரே ஒரு வகை பாக்கி. தடித்த உலோகப் படலம் கொண்டது, கார்களுக்குப் போகும் சில்லு. கம்பெனிக்குச் சோறு போடுவது அதுதான். மருத்துவச் சான்று கொடுத்து நான் சின்சு போவதைத் தவிர்த்தேன். முதுகுவலி. உண்மையிலேயே இருக்கிறது.

எந்திரம் எப்படி ஓட வேண்டும் என்ற ரெசிப்பியை, அதில் இருந்தபடியே அனுப்பிவிட்டார்கள்.

ஆகஸ்டு 18

லின் ஃபோன் செய்தாள். அந்த வகையில் எல்லா வேஃபரும் ஓரத்தில் கருகிவிடுகிறதாம். நீங்கள் அனுப்பிய ரெசிப்பியில் ஒரு புள்ளிகூட மாற்றவில்லை என்றாள்.

எங்களுக்கும் முன்பு கருகிக்கொண்டுதான் இருந்தது. தடித்த உலோகத்தை ஒரே மூச்சில் அரித்தால் சூடு தாங்காமல் மேல்பூச்சு வெந்துவிடும். பாதியில் எந்திரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி ஓட்ட வேண்டும். ஒரு மழைக்காலம் முழுக்க மண்டையை உடைத்து நான் கண்டுபிடித்தது. பழைய எந்திரத்தில் அதை எழுதி வைக்க இடமில்லை. அதனால் கையால்தான் நிறுத்துவோம். எங்கள் பகுதியில் எல்லாருக்கும் அது பழக்கமாகிவிட்டது.

பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன் லினிடம்.

ஆகஸ்டு 19

லின் இமெயில். நேரமில்லை.

ஆகஸ்டு 21

மறுபடி லின். ரேணுகாவுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். குளிர்பெட்டிக்காரர் வரவில்லை.

ஆகஸ்டு 25

அந்த வகை சின்சுவில் சரிவராமல் போனால் இங்கே ஆலையை இன்னும் ஒரு வருடமாவது ஓட்டித்தான் ஆக வேண்டும் என்று ஆபீஸில் பேசிக்கொள்கிறார்கள். மிஸ்டர் ஞானம் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். எந்திரத்துக்கு எந்திரம் வித்தியாசம் இருக்கும், எனக்குத் தெரியவில்லை என்றேன். என் கண்ணையே பார்த்தார். நானும் பார்த்தேன்.

லினிடமிருந்து ஒரு வரி: "நான் ஏதாவது தவறு செய்தேனா?"

ஆகஸ்டு 27

லின் எதுவும் செய்யவில்லை. அவளுக்கு எப்படி எழுதுவது?

செப்டம்பர் 9

சின்சுவில் சரியாகிவிட்டது. பாதியில் நிறுத்தி ஓட்டுகிறார்களாம். லின் நன்றி சொல்லி எழுதியிருக்கிறாள். தகவல் பினாங்கிலிருந்து வந்தது, நீதான் சொல்லி அனுப்பினாய் என்று நினைக்கிறேன் என்று.

நான் இல்லை. மிஸ்டர் ஞானத்துக்கு அது தெரியாது; அவர் எந்திரத்தைத் தொட்டுப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. என் பகுதியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். இன்று முழுக்க ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மட்டும் விட்டு மற்றதெல்லாம் மூடும் வெள்ளை உடையில் யார் முகத்தில் என்ன தெரியும்? நோர்ஆய்னி என்னைக் கண்டதும் விலகிப்போனாள். அவளாகத்தான் இருக்க வேண்டும்.

மலரிடம் சொன்னேன். "யாரா இருந்தா என்ன அக்கா, விடு" என்றாள்.

அக்டோபர் 5

மிஸ்டர் ஞானம் போகிறார். எங்கே என்று கேட்டால், சின்சுவுக்கு. அந்த ஆலைக்கே இந்தப் பக்கத்து வாடிக்கையாளர்களைப் பிடித்துக்கொடுக்கும் பெரிய வேலையாம். இவ்வளவு பெரிய வேலை ஒரு வாரத்தில் பேசி முடிந்திருக்காது. எங்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்ததுதான் அவர் காட்டிய முதல் திறமை போலிருக்கிறது.

குணாவிடம் சொன்னேன். அவர் எழுந்துபோய் எனக்குத் தேத்தண்ணீர் கலக்கிக் கொண்டுவந்தார்.

அக்டோபர் 19, தீபாவளி

விடிவதற்கு முன் எண்ணெய் தேய்த்துக் குளித்து, இட்டிலி, கோழிக்கறி எல்லாம் ஆனது. மலரும் ரேணுகாவும் காலையிலேயே வந்துவிட்டார்கள். ஆலை ஆட்கள் யாரும் வரவில்லை. மற்ற வருடங்களில் செருப்பு வைக்க இடம் இருக்காது.

பதினோரு மணி வாக்கில் வாசலில் கார் நின்றது. மிஸ்டர் ஞானம், தனியாக. கையில் பழக்கூடை. கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, "தீபாவளி வாழ்த்து தவம். உள்ள வரலாமா?" என்றார்.

வீட்டுக்கு வந்தவரை வெளியே நிறுத்தியதில்லை நான். கேட்டைத் திறக்கக் கை போனது, ஆனால் திறக்கவில்லை. என் பின்னாலிருந்து மலர் வந்தாள், கையில் மாவுடன்.

"மிஸ்டர் ஞானம், எனக்குச் சொன்ன வேல என்னாச்சு?"

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"புது ஆபீஸ்ல டெஸ்டிங் ரூம்ல போடுறேன்னு சொன்னீங்கள்ல? நான் போய்க் கேட்டா என் பேரே அங்க இல்லங்கிறாங்க."

"மலர், அது... நான் இப்ப அந்தக் கம்பெனியில இல்லையேம்மா. புதுசா வர்றவருகிட்ட சொல்லிட்டுத்தான்..."

"சொன்னீங்களா?"

அவர் பழக்கூடையைக் கேட்டுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார். "நான் பேசிப் பாக்கிறேன்" என்றார். கார் கிளம்பிப் போகிறவரை இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நீயா? நீயா மலர் சொன்ன?"

"ஆமா. நாந்தான். கேன்டீன்ல வந்து கேட்டாரு, பாதியில என்னமோ செய்வீங்களே, என்னா அதுன்னு. சொன்னேன்."

"அது ஒண்ணுதான் நம்ம கையில இருந்துச்சு! இன்னும் ஒரு வருசம் ஓடியிருக்கும். எல்லாருக்கும் வேல இருந்திருக்கும். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"நீ எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா? ஜூன்ல வந்து எல்லாம்னு அவ சொன்னதச் சொல்லிச் சிரிச்ச. மாமாவுக்கு வெளங்கிச்சு, அடுப்படியில நின்ன எனக்கு வெளங்கிச்சு, ஒனக்கு மட்டும் வெளங்கலியா? நீ அவருகிட்ட திரும்பப் போய்க் கேக்கவே இல்ல அக்கா. கேட்டா தெரிஞ்சிடும்னு கேக்கல."

"அப்படி இல்ல."

"அப்ப எப்படி?"

ரேணுகா வாசலுக்கு வந்து, "அம்மா, எண்ணெ காயுது" என்றாள். மலர் உள்ளே போனாள். மிச்ச முறுக்கையும் சுட்டு முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

அவள் சொன்னது சரியில்லை. ஜூன் மாதம் எனக்கு எவ்வளவு வேலை இருந்தது என்று அவளுக்குத் தெரியாது.

அக்டோபர் 20

பழக்கூடை கேட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எறும்பு மொய்க்கிறது. யாரும் எடுக்கவில்லை.

நவம்பர் 3

நோர்ஆய்னியிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவளுக்கு விளங்கவில்லை. அவள் என்னை விட்டு விலகிப்போனது, இரண்டாவதாக உண்டாகியிருப்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமலாம். இந்த நேரத்திலா என்று நான் திட்டுவேன் என்று பயந்திருக்கிறாள்.

நவம்பர் 27

கடைசி நாள். காலை ஷிப்டோடு எல்லா எந்திரத்தையும் நிறுத்தினோம். எத்தனையோ வருடமாகக் காதில் இருந்த இரைச்சல் நின்றதும் ஒருவர் பேசுவது ஒருவருக்கு உரக்கக் கேட்டது. எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டோம். அளவெடுத்தவர்கள் திங்கள்கிழமை ஆட்களோடு வருகிறார்கள். சுவரை இடித்துத்தான் எந்திரங்களை வெளியே எடுக்க வேண்டுமாம். கதவு போதவில்லை.

மலருக்குத் தீவுக்கு அப்பால், பெருநிலத்தில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. பாலம் தாண்டிப் போக வேண்டும். ரப்பர் நாற்றம் முடியில் ஏறிக்கொள்ளும் என்கிறார்கள்.

உடை மாற்றும் அறையில் நானும் அவளும் மட்டும் இருந்தோம். தீபாவளிக்குப் பிறகு இன்றுதான் என்னிடம் தானாக வாயைத் திறந்தாள்.

"சின்சு வேலைய எடுத்துக்கிட்டியா?"

"இல்ல. வேணாம்னு சொல்லப்போறேன்."

"ஏன்?"

"எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் போறது மலர்?"

"ஒன் மகன் படிக்கிறான். என் மகளுக்கும் நீதான் ஃபீஸ் கட்டப்போற. மூஞ்சிய வீட்ல வெச்சிட்டுப் போ." காலணியை மாட்டிக்கொண்டே சொன்னாள். சிரிக்கவில்லை. கோபமாகவும் இல்லை. பஸ்சுக்கு இரண்டு பேரும் சேர்ந்தே நடந்தோம்.

ஜனவரி 11

புது ஆபீஸ். கார்ப்பெட் தரை. சன்னலிலிருந்து கடல் தெரிகிறது. இங்கே யாருக்கும் கையில் எண்ணெய் படாது.

லினுக்கு எழுதினேன். நான்தான் சொல்லி அனுப்பினேன் என்று நீ நினைப்பது தவறு. தெரிந்தும் சொல்லாமல் இருந்தேன், அதற்கு நீ காரணம் இல்லை. அதற்கு மேல் விளக்கவில்லை.

பதில் ஒரு மணி நேரத்தில் வந்தது. "உனக்குத் தெரியும் என்றுதான் அன்று நூடல்ஸ் கடையில் நினைத்தேன். தெரியாது என்று உன் முகத்தைப் பார்த்ததும் விளங்கியது. வாடிக்கையாளர் விஷயம் பேச எங்களுக்கு அனுமதி இல்லை. கீரையை எடுத்துப் போட்டேன்."

மார்ச் 10, சின்சு

குளிர். இரண்டு சுவெட்டர் போட்டும் போதவில்லை. லினின் தாய் இறந்துவிட்டார். வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

இன்று ஆலைக் கேன்டீனில் சாப்பாட்டுத் தட்டோடு இடம் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு வெள்ளைக்காரர் தன் எதிர் நாற்காலியைக் காட்டினார். பெயர் டெக்லன். அயர்லாந்தில் ஒரு சிறிய ஊரில் சில்லு ஆலை. அவரும் எஞ்சினியர்தான். சாப்ஸ்டிக்கைப் பிடிக்கத் தெரியாமல் சோற்றை மேசையெல்லாம் இறைத்திருந்தார். எட்டு வகைச் சில்லுகளைக் கொண்டுவந்திருக்கிறாராம். மற்றது அடுத்த பயணத்தில். இவர்கள் எவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறார்கள் என்று வியந்துகொண்டே இருந்தார். படம் எடுத்துவர மறந்துவிட்டேன் என்று, தன் மூன்று பிள்ளைகளின் உயரத்தைக் கையால் காட்டினார்.

வாடிக்கையாளர்கள் ஒருவரோடு ஒருவர் தொழில் பேசக்கூடாது என்று நுழையும்போதே எங்களிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். கேன்டீனுக்கு அந்தப் பக்கத்தில் மிஸ்டர் ஞானம் யாரோடோ நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

"உங்கள் ஆலை எப்படி ஓடுகிறது?" என்று டெக்லன் கேட்டார்.

"மூடிவிட்டார்கள்" என்றேன். "நான் இங்கே வந்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்த பிறகு மூடினார்கள். எனக்குக் கடைசிவரை சொல்லவில்லை. உங்கள் ஊரில் யாராவது வந்து கதவை அளந்தார்களா?"

அவர் மெல்வதை நிறுத்தினார். பிறகு சிரித்தார், என்னைத் தேற்றுவது போல. "ஐயோ, பாவம் நீங்கள். எங்கள் கதை வேறு. எங்கள் மேலாளர் என் மூத்த மகனின் ஞானஸ்நானத்தில் ஞானத்தந்தையாக நின்றவர். எனக்குத் தெரியாமல் அவர் ஒன்றும் செய்யமாட்டார்."

மறுபடி சாப்ஸ்டிக்கை எடுத்துக்கொண்டார்.

நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை சொன்னேன். முதலிலிருந்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக.